இணையச் சந்தையில் ஏமாறாதிருக்க

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பொருள் வாங்குவதும் விற்பதும் ஓயாத வேலையாகும். மாற்றல் உத்தரவு வந்தவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி குழந்தைகளின் பள்ளியைப் பற்றியது. இரண்டாவது கேள்வி சாமான்களைப் பற்றியது. பீரோவை ஏற்றிச் செல்வதா, விற்றுவிட்டுப் போவதா? புதிய ஊரில் கட்டில் வாங்குவதா, சில நாட்கள் பாயிலேயே கழிப்பதா? இவ்வாறு கணக்கிட்டுக் கணக்கிட்டே நம்மிற் பலருடைய ஆயுளிற் பாதி கழிகின்றது.

முற்காலத்தில் இத்தகைய சாமான்களை அண்டை வீட்டாரோ பழைய சாமான் கடைக்காரரோ வந்து பார்த்து, விலை பேசி, கையில் பணத்தைக் கொடுத்து எடுத்துச் சென்றனர். இன்று கைப்பேசியில் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் செய்தால் அரை நாழிகைக்குள் கேள்விகள் வந்து குவிகின்றன. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், கடைத்தெருவில் ஆளை முகம் பார்த்து அறிந்த நாம், இங்கே முகம் காணாத மனிதரோடு வியாபாரம் செய்கிறோம். அதில் நேரும் மோசடிகள் எத்தகையன, அவற்றிலிருந்து தப்புவது எங்ஙனம் என்பதை நம் சொந்த அனுபவத்தைக் கொண்டே இங்குச் சொல்ல விழைகின்றோம். அனுபவம் என்றது புகழுக்குரியதன்று. நாம் ஏமாந்த கதையே அது.

நாம் ஏமாந்த கதை

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லார்ஷாவிலிருந்து நாகபுரிக்கு மாற்றலாகி வந்தோம். அஜ்னியில் கிடைத்த குவார்ட்டர்ஸ் முன்னதைவிடச் சிறியது. பெரிய குளிர்சாதனப் பெட்டியை வைக்க இடமில்லை. 9,000 ரூபாய் என விலை குறித்து இணையத்தில் விளம்பரம் செய்தோம். அன்று மாலையே ஒருவர் அழைத்தார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், காம்ப்டீ பாசறைக்கு அண்மையில் மாற்றலாகி வந்திருப்பதாகவும் கூறினார். சீருடை அணிந்த படமும், அடையாள அட்டையின் படமும் உடனே வந்து சேர்ந்தன. அவரும் மாற்றலாகி வந்தவர், நாமும் மாற்றலாகி வந்தவர். அந்த ஒரு சொல்லிலேயே நம் மனம் இளகிவிட்டது.

விலையை அவர் ஒரு பைசாவும் குறைத்துக் கேட்கவில்லை. சீதாபர்டிக் கடைத்தெருவில் ஒரு கிலோ ஆரஞ்சுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசும் ஊரில், பழைய பெட்டியைக் கண்ணாலும் பாராமல் 9,000 ரூபாய் கொடுக்க ஒருவர் சம்மதிப்பாரா என்று நாம் சிந்தித்திருக்க வேண்டும். சிந்திக்கவில்லை. நல்ல மனிதர் வாய்த்தார் என்று மகிழ்ந்தோம்.

“நான் பணியிலிருந்து வெளியே வர இயலாது; வண்டி அனுப்புகிறேன்; பணத்தை முன்னதாகவே அனுப்பி விடுகிறேன்” என்று இந்தியில் விரைந்து பேசினார். சோதனைக்காக ஒரு ரூபாய் அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. பின்னர்ச் சதுரமான கியூ.ஆர். குறி ஒன்றை அனுப்பி, “இதை ஸ்கேன் செய்து, உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், 9,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறிவிடும்” என்றார். திரையில் ‘செலுத்துக’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் தெரிந்தது. அதைக் கண்டோம், ஆனால் காதருகே அவர் குரல் ஓயவில்லை. “போடுங்கள், போடுங்கள், நேரம் முடிந்துவிடும்” என்று துரிதப்படுத்தினார். போட்டோம். நம் கணக்கிலிருந்து 9,000 ரூபாய் கழிந்தது.

பதறிக் கேட்டதற்கு, “இயந்திரக் கோளாறு, மறுமுறை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்” என்றார். இன்று எழுதும்பொழுது நமக்கே வெட்கமாக இருக்கின்றது, மறுமுறையும் போட்டோம். மீண்டும் 9,000 போயிற்று. மூன்றாம் முறை 18,000 ரூபாய்க்கு ஒரு குறி வந்தது. அப்பொழுது நம்மைக் காத்தது நம் அறிவன்று. கணக்கில் அவ்வளவு பணம் இல்லாமையே காத்தது. மகளின் பள்ளிச் சேர்க்கைக்கென வைத்திருந்த பணத்தில் 18,000 ரூபாய் அரை மணி நேரத்திற்குள் மறைந்தது.

கையெழுத்தும் பின் எண்ணும்

பகல் முழுவதும் பார்சல் ஆபீஸில் பணத்தையும் ரசீதுகளையும் கையாளும் ஒருவன் இவ்வாறு ஏமாறலாமா என்று பலர் கேட்டனர். நாமும் நம்மையே பன்முறை கேட்டுக்கொண்டோம். சிந்தித்துப் பார்க்கையில், அந்த வழக்கமே நம்மை ஏமாற்றியது என்பது விளங்கியது.

நம் வாழ்க்கையில் எதைப் பெறுவதாயினும் பெறுபவரே கையெழுத்திடுகிறார். தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்த காலத்தில், தாளில் கையெழுத்திட்ட பின்னரே பணம் கைக்கு வந்தது. சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டே பெரியவர்கள் சம்பளம் வாங்கினர். எம் பார்சல் ஆபீஸிலும், ரயில்வே ரசீதை ஒப்படைத்துப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகே பொருளை எடுத்துச் செல்லலாம். ஆகவே, பணம் வர வேண்டுமாயின் நாமும் ஏதோ ஒன்றைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஊறிக் கிடக்கின்றது. வஞ்சகன் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் காரியம் நேர்மாறானது. இங்கே பணம் பெறுபவர் எதையும் போட வேண்டியதில்லை. அவருடைய யு.பி.ஐ. முகவரியோ கைப்பேசி எண்ணோ தெரிந்தால் போதும். அவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேரும். பின் எண் என்பது பணம் கொடுப்பதற்கும், கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பதற்குமே உரியது. காசோலையில் இடும் கையெழுத்துக்கு அதனை ஒப்பிடலாம். ‘உமக்குப் பணம் தருகிறேன், உமது காசோலையில் கையெழுத்திட்டுக் கொடும்’ என்று ஒருவர் கேட்டால் நாம் நகைக்க மாட்டோமா? பின் எண்ணைப் போடச் சொல்வதும் அதுவே. பின் எண்ணுக்குப் பதிலாக விரல் ரேகையோ முகமோ காட்டும் முறையும் 2025-இல் வந்துவிட்டது. அதற்கும் இதே விதி பொருந்தும்.

ஒருவர் மற்றொருவருக்குப் ‘பணம் அனுப்புக’ என்று கைப்பேசி வழியே கோரிக்கை விடுக்கும் வசதி பலவாறு துஷ்பிரயோகம் செய்யப்பட்டமையால், தனிமனிதரிடையே அது 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூ.ஆர். குறி நிற்கவில்லை. பொருளை விற்பவர் ஒரு குறியைக் காட்டலாம். ஸ்கேன் செய்ய வேண்டியவர் வாங்குபவர். விற்பவரை ஸ்கேன் செய்யச் சொன்ன கணமே பேச்சை முடித்துக்கொள்வீராக.

வஞ்சகரை அறியும் குறிகள்

சீருடைப் படத்தைக் கண்டு நாம் மயங்கியதால் உண்மையான போர்வீரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படமும் அட்டையும் திருடப்பட்டவையாகவோ போலியாகவோ இருக்கும். நம்மிடம் இராணுவ வீரர் என்றவர், மற்றொருவரிடம் ஆசிரியர் என்பார். வேறொருவரிடம் மருத்துவர் என்பார். வேடம் மாறும், செயல் மாறாது. ஆகையால் செயலையே நோக்க வேண்டும்.

பொருளைப் பாராமலும் பேரம் பேசாமலும் வாங்க இசைவார். நேரில் வர இயலாமைக்கு ஒரு காரணம் வைத்திருப்பார். விளம்பரம் வந்த இடத்தில் பேசாமல் வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார். தொலைபேசியை வைக்க விடமாட்டார். சிந்திக்க ஓய்வு தரமாட்டார். கைப்பேசியில் ஏதேனும் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்வார். அது நம் திரையை அவர் பார்க்க வழி செய்வதாக இருக்கும். இவற்றில் இரண்டு குறிகள் கண்டாலே போதும். மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டா.

வேறொரு தந்திரமும் உண்டு. 9,000 ரூபாய்க்குப் பதிலாக 19,000 ரூபாய் வந்துவிட்டதாக நமக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். “தவறுதலாக அனுப்பிவிட்டேன், 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள்” என்று கெஞ்சுவார். செய்தி வங்கி அனுப்பியதன்று, அவரே எழுதியது. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வங்கிச் செய்தி வாராது. செய்தியை நம்பாமல் கணக்கின் இருப்பைப் பார்க்க வேண்டும். அவர் காதருகே இருக்கையில் பாராமல், தொலைபேசியை வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம்மிற் பலருக்கு இந்தியோ மராத்தியோ கடைத்தெரு அளவில்தான் தெரியும். எதிரில் பேசுபவர் விரைந்து பேசினால், ‘புரியவில்லை’ என்று சொல்லக் கூசுகிறோம். புரிந்ததுபோல் ‘ஹாங் ஜீ’ என்று தலையசைக்கிறோம். பணத்தைப் பற்றிய பேச்சில் இந்தக் கூச்சம் ஆகாது. ‘மெல்லப் பேசுங்கள், நாளை பேசுவோம்’ என்று சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை. மெய்யான வாங்குபவர் நாளை வரை பொறுப்பார்.

வாங்கும்பொழுது

விற்கையில் மட்டுமன்றி வாங்கும்பொழுதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஓட்டம் குறைந்த ஸ்கூட்டர் சந்தை விலையிற் பாதிக்கு விற்பனைக்கு உள்ளதென விளம்பரம் காணப்படும். முதலில் முன்பணம், பின் வண்டிச் சத்தம், பின் வரி, பின் ‘திருப்பித் தரப்படும்’ காப்புத் தொகை என்று சிறுகச் சிறுகக் கேட்பார்கள். முன்பு கொடுத்தது வீணாகிவிடுமே என்னும் அச்சத்தால் மேலும் கொடுப்போம். கண்ணால் காணாத பொருளுக்கு முன்பணம் என்பதே கூடாது. வண்டியாயின் அதன் பதிவுச் சான்றையும், விற்பவர்தாம் உரிமையாளரா என்பதையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குவோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. அந்தக் கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமுடைய ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். ‘கே.ஒய்.எம்.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, இடம் விட்டு, அந்த எண்ணையும் எழுதி 14422 என்னும் எண்ணுக்குச் செய்தி அனுப்பினால், கருவியின் விவரம் வரும். களவுபோனதெனத் தடை செய்யப்பட்ட கருவியாயின் அதிலிருந்தே தெரிந்துவிடும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ என்னும் தளத்திலும் இதைக் காணலாம்.

தீபாவளி நெருங்கினால், சிவகாசிப் பட்டாசு பாதி விலைக்கு வீடு தேடி வரும் என்னும் விளம்பரங்கள் நம்மவரைத் தேடியே வருகின்றன. ஊர்ப் பெயரைக் கண்டதும் நமக்கு ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. வெடிப்பொருள்களை ரயிலில் கொண்டுவருவதும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றமாகும். அங்ஙனமிருக்க, பணத்தை முன்னதாகக் கட்டினால் பட்டாசு எவ்வழியே நாகபுரிக்கு வரும்? பார்சல் ஆபீஸில் இருந்து கொண்டு சொல்கிறோம்: வாராது. பட்டாசுக்கு உரிமம் பெற்ற உள்ளூர்க் கடையே போதும்.

ரத்து செய்த ரயில் டிக்கெட்டின் பணத்தைப் பெற்றுத் தருவதாகவும் சிலர் அழைக்கின்றனர். இணையத்தில் வாங்கிய டிக்கெட்டை அங்கேயே ரத்து செய்தால், பணம் எக்கணக்கிலிருந்து சென்றதோ அக்கணக்கிற்கே தானாகத் திரும்பும். எவரும் இடையில் நின்று உதவ வேண்டியதில்லை. ஐயம் இருப்பின் 139 என்னும் ரயில்வே எண்ணைக் கேட்கலாம். எந்த நிறுவனத்தின் உதவி எண்ணையும் தேடுபொறியில் முதலில் தோன்றுவதென்று நம்பி அழைக்கக் கூடாது. அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, நம் கையிலுள்ள ரசீதிலோ, வங்கி அட்டையின் பின்புறத்திலோ பார்த்து அழைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால்

இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. பணம் போனதை அறிந்த அந்த நிமிடமே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் எல்லா மாநிலங்களிலும் இயங்கும் எண் இது. செய்தி பதிவானதும், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே எஞ்சியிருந்தால் நிறுத்திவைக்கப்படும். வஞ்சகர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, விரைவில் எடுத்துவிடுவர். எனவே மணிக்கணக்கன்று, நிமிடக்கணக்கே இதில் முக்கியம்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மொழித் தடுமாற்றம் இராது: நம் வங்கியும் கணக்கு எண்ணும், போன தொகை, போன நேரம், யு.பி.ஐ. நடவடிக்கையின் 12 இலக்கக் குறிப்பு எண், அவர் பேசிய தொலைபேசி எண். அடுத்து நம் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். ‘சைபர்கிரைம்.கவ்.இன்’ என்னும் அரசுத் தளத்திலும் புகார் எழுதலாம். உரையாடல்களையும் படங்களையும் கோபத்தால் அழித்துவிடக் கூடாது, அவையே சாட்சி. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதனையே வலியுறுத்தியது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையுள்ள நட்டம் அவருடையது. தெரிவித்த பின்னும் நட்டம் தொடர்ந்தால் அது வங்கியுடையது என்று அது வகுத்தது. நாம் வாய் திறக்கும் நேரமே எல்லைக்கோடு என்பது இதனால் விளங்கும்.

பணத்தை இழந்தவரைத் தேடி இரண்டாம் வஞ்சகனும் வருவான். “நாங்கள் சைபர் போலீஸ், கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்பான். புகாருக்கு அரசு கட்டணம் கேட்பதில்லை என்பதை நினைவிற் கொள்க.

மௌனத்தின் விலை

இவ்வளவும் இன்று எழுதுகின்ற நாம், அன்று என்ன செய்தோம்? நான்கு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. எம் இல்லாளிடமும் சொல்லவில்லை. ‘படித்தவன், ரயில்வேயில் குமாஸ்தா, இப்படியா?’ என்று நகைப்பார்களே என அஞ்சினோம். ஐந்தாம் நாள் பள்ளியில் பணம் கட்ட வேண்டிய கட்டம் வந்ததும் உண்மையைச் சொன்னோம். அவள் நகைக்கவில்லை, 1930-ஐ அழைக்கும்படி சொன்னவள் அவளே. புகாரை எழுதிக்கொண்டார்கள். ஆனால் பணம் பல கணக்குகளைக் கடந்து, அன்றே எடுக்கப்பட்டுவிட்டது என்று பின்னர்த் தெரிந்தது. ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

அதன் பின்னரும் வெளியில் மூச்சுவிடவில்லை. ஒரு மாதம் சென்றது. எம் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஓர் அம்மையார் வாழ்கிறார். கணவர் பணியிலிருக்கையில் இறந்தமையால், கருணை அடிப்படையில் ரயில்வேயில் வேலை பெற்றவர். ஒரு நாள் மாலை கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். “தம்பி, தையல் மெஷினுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று பின் நம்பரைப் போடச் சொன்னார். என் பணம் 6,500 போய்விட்டது. இது என்ன தம்பி?” என்றார்.

இராணுவ வீரர், காம்ப்டீ, சதுரக் குறி. எல்லாம் அதே கதை. உடனே 1930-ஐ அழைத்தோம். நடந்து பத்து நிமிடங்களே ஆகியிருந்தன. பிறகு அவரிடம், “அக்கா, சென்ற மாதம் எங்களுக்கும் இதுவே நேர்ந்தது” என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். அவ்வளவுதான். நம்மைப் பழித்துக் கூறியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது.

அவருடைய பணத்தில் 4,000 ரூபாய் வழியில் நிறுத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் கைக்கு வந்தது. எஞ்சிய 2,500 ரூபாய் போயிற்று. அவர் ஓடிவந்து சொன்னதால் 4,000 மிஞ்சியது. நாம் சொல்லாதிருந்ததால் 2,500 போயிற்று. நம் 18,000 ரூபாயை நாம் மறந்துவிட்டோம். அந்த 2,500 ரூபாயை மறக்க முடியவில்லை.

ஆதலின் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இவை. விற்க வேண்டிய பொருள் இருப்பின், முதலில் நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். வாங்க வேண்டியவர் நம்மிடையிலேயே இருக்கலாம். இணையத்தில் விற்பதாயின், பொருளை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வருகையில் வீட்டில் இருவராவது இருங்கள். முதியோர்க்கு ஐயம் எழுந்தால், ஞாயிறு மாலையில் சங்க நூலகத்திற்கு வரச் சொல்லுங்கள். மொழி தெரிந்த இளைஞர்கள் உடன் அமர்ந்து பார்ப்பார்கள். பணம் போகாமல் வெறும் அழைப்பு வந்திருந்தாலும், சஞ்சார் சாத்தித் தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கிய ‘சக்ஷு’ என்னும் பகுதியில் அந்த எண்ணைத் தெரிவியுங்கள்.

ஏமாந்துவிட்டால், முதலில் 1930, அடுத்து வங்கி, அதற்கடுத்து அண்டை வீடு. கூச்சத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.